தென்னைக்கு ஊற்றிய தண்ணீர்

மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டித் தேடினாள் செல்லாயி. ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை எல்லாம் இருந்தன. சேலம் லேப் ரிப்போர்ட்டை மட்டும் காணோம். கர்ப்பப்பையை எடுத்து மூன்று மாதமாகிறது. நாளைக்கு டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். எடுத்ததைப் பரிசோதித்தால்தான் புற்று உண்டா இல்லையா என்பது தெரியும் என்று அந்தம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கே அதைப் போட்டுக் கொடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பியது புருஷன் அப்புசாமிதான். எல்லாம் நல்லபடியாக வந்திருக்கிறது என்று சொன்னதும் அவன்தான்.

இரண்டு வருடமாக உதிரம் கொட்டிக்கொண்டிருந்த உடம்பு. அது நின்றதில் நிம்மதிதான். ஆனால் உள்ளங்காலில் கிளம்பும் சூடு உச்சந்தலைக்கு ஏறும்; தாளித்துக்கொண்டிருக்கும்போதே காரணமில்லாமல் அழுகை வரும். காலி வீட்டுக்குள் யாரோ நடமாடுவதுபோல அடிவயிற்றில் ஓர் அசைவு. தொல்லை விட்டது என்று ஊரே சொல்லிவிட்டுப் போனது. தொல்லைக்குத்தான் அது தெரியவில்லை. அப்புசாமி அவளைத் தண்ணிக்குடம் தூக்கவிடாமல் தாங்கினான், பக்கத்தில் மட்டும் வரவில்லை. காடு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்தும், ஒரே ஒரு தென்னைக்கு மட்டும் தினமும் சாயங்காலம் வாளியில் ஊற்றிக்கொண்டு நிற்பான். தன்னைப் பார்க்க அருவருப்பு, அதனால்தான் வீட்டுக்குள் வரப் பிடிக்காமல் நிற்கிறான் என்று நினைத்திருந்தாள். தையலைவிட அது வலித்தது.

தென்னையடியில் நின்றவனிடம் போனாள்.

“ஏனுங்க, சேலத்து ரிப்போர்ட்ட எங்க வெச்சீங்க?”

“அதான் ஒண்ணுமில்லீன்னு சொன்னனில்ல.”

“காயிதத்தக் கேக்கறனுங்க.”

வாளியைக் கீழே வைத்தான். “நாஞ் சேலத்துக்கே போவுல புள்ள. டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். துண்டு துண்டா அறுத்துப் பாப்பாங்கன்னு நர்ஸ் சொல்லுச்சு. நம்ம தனப்பிரியா பத்து மாசம் இருந்த எடமாச்சே. மனசு வர்ல.”

தென்னையின் தூரைப் பார்த்தான். மகள் தனப்பிரியா பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் புதைத்து, அதன்மேல் அவனே நட்ட தென்னை அது.

“எனக்கு என்ன இருக்குதுன்னே தெரியாமயா மூணு மாசமாச் சோறு திங்கறேன்?”

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. பஸ் ஸ்டாண்டில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனை நினைத்ததும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

“டப்பாவோடயா பொதச்சீங்க?”

தலையாட்டினான்.

“தோண்டுங்க.”

மூன்று மாதத் தண்ணீர் குடித்த மண், மம்பட்டிக்கு எதிர்ப்புக் காட்டவில்லை. முழங்கை ஆழத்தில் டொக்கென்று சத்தம் கேட்டது.

“மெல்ல! வெட்டிராதீங்க!” ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். மறு கையால் மண்ணைப் பறித்து டப்பாவை எடுத்தாள். மூடி இறுக்கமாகவே இருந்தது. உள்ளே மருந்துத் தண்ணீர் குறையவில்லை. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் துடைக்கத் துடைக்க எழுத்து வந்தது. செல்லாயி, 47.

வாங்கிக்கொள்ள அப்புசாமி கை நீட்டினான். கொடுக்கவில்லை.

“சேலத்துக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்குங்க?”

முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அது மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தது.