விழாதா கையெழுத்து?

சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் இலவசமாக இரவல் தரும் அந்தச் சிறிய சேவைச் சங்கத்துக்கு ஒரு தையல்காரிதான் பொருளாளர். தலைவர் அவளுடைய அக்காள் கணவர். சம்பளம் யாருக்கும் கிடையாது. புது நாற்காலிகள் வாங்கச் சேர்த்த பணத்தில் ஆண்டு விழா நடத்தலாம் என்று கூட்டத்தில் அத்தான் காசோலையை நீட்டியபோது, அவள் பேனாவைத் தொடவேயில்லை.

"நம்ம சங்கம்னு ஒண்ணு இருக்குறது நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" என்றார் அவர்.

"நடக்க முடியாதவங்களுக்குத் தெரியும் அத்தான். நாற்காலிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு மேடை போட்டுக் கைதட்டவா ஜனங்க வயித்தக் கட்டிக் காசு குடுத்தாங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பொருளாளரையே மாத்திட்டாப் போச்சு! மாத்தணும்கிறவங்க கையத் தூக்குங்க."

"தாராளமா மாத்துங்க. ஆனா இதுல என் கையெழுத்து விழாது."

இரண்டு மூன்று கைகள் தயங்கித் தயங்கி எழுந்தன. கணவர் சொல்லுக்கு மறுசொல் பேசியறியாத அக்கா, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்று மனைவியிடம் சீறினார் அவர்.

"சொன்னாலும் தூக்க மாட்டேன். விழா வேணும்னா உங்க சொந்தக் காசுல நடத்துங்க," என்றாள் அக்கா.

எழுந்த கைகளும் இறங்கின. அந்த வருடம் விழா நடக்கவில்லை, நாற்காலிகள் வந்தன. அத்தான் வெகுநாள் கொழுந்தியாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் சமாதானம் பேசப் போகவில்லை.