கூவுகிற கடிகாரம்

உடைந்த டிஸ்ப்ளேயைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையின் அடியில் ஒளித்துவிட்டுத்தான் அவள் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைப் படியேறினாள். வெளியே எடுத்தது ஒரு துண்டுச் சீட்டை மட்டும். நீளம், அகலம், நான்கு வரி எழுத்து, இணைப்புக்குப் பதினாறு பின்.

“இந்த அளவுல ஒண்ணு கிடைக்குமாண்ணே? அவசரமெல்லாம் இல்ல. இந்தப் பக்கமா வந்தேன், கேட்டுட்டுப் போகலாம்னு.”

முகம், மதியத் தூக்கம் போட்டு எழுந்தவளின் முகம். துணி வியாபாரிகள் வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே தேவையை மறைக்கப் பழகிவிடுவார்கள். தாகத்தோடு போனால் தண்ணீருக்கும் விலை ஏறும். பிடித்த துணியை மூன்றாவதாகத்தான் தொட வேண்டும்.

அவள் மறைத்தது சின்ன விஷயமல்ல. காலையில் முட்டைத் தட்டைத் தூக்கி வந்தவள், நாத்தனாரோடு நடந்த வாய்ச்சண்டையில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கட்டுமே என்று சட்டெனத் திரும்பினாள். தட்டின் இரும்பு மூலை, முட்டை பொரிக்கும் இன்குபேட்டரின் முகத்தில் இடித்தது. டிஸ்ப்ளே விரிசல் விட்டு இருண்டுபோனது. இயந்திரம் நிற்கவில்லை. சூடு கொடுக்கிறது, மணிக்கொரு தரம் தட்டுகளைச் சாய்த்து முட்டைகளைத் திருப்புகிறது. ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரியாது. நாம் சொன்னதைக் கேட்டதா என்பதும் தெரியாது. உள்ளே நானூற்றெண்பது முட்டைகள், பதினோரு வீட்டார் நம்பிக் கொடுத்தவை. இன்று பதினெட்டாம் நாள். மாலைக்குள் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டை உடைத்து வரும் குஞ்சு சாயும் தட்டில் நசுங்கும். தப்பினால் காய்ந்த உள்தோலோடு ஒட்டிச் சாகும். பிளக்கைப் பிடுங்கினால் திருப்புவது நிற்கும்தான். கூடவே சூடும் நின்றுவிடும்.

நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பதால் கடைக்காரரைத் தெருவே லென்ஸ்காரர் என்றழைத்தது. அவர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எதுல மாட்டப் போறீங்க?”

“எங்க வீட்டுக்காரர் பொழுதுபோகாம கடிகாரம் ஒண்ணு செய்றார்ண்ணே.”

வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து கடிகாரத்துக்குச் சாவிகூடக் கொடுத்ததில்லை.

“புதுசா செய்றாரா, பழசு ரிப்பேரா?”

“புதுசுதான்.” ரிப்பேர் என்று சொன்னால் குடுமி அவர் கையில்.

“அப்ப இது போதும்.” அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அதே நீளம், அதே அகலம், பின்களுக்குப் பதினாறு துளை. அவள் உதட்டைப் பிதுக்கினாள், திருப்பிப் பார்த்தாள், வேண்டாமென்று வைத்தாள், இரண்டடி போய்த் திரும்பினாள். சொன்ன விலை பாதியானது. வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தபோது போன் அடித்தது. நாத்தனாரின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்பட்டதே இல்லை.

“அண்ணி! உள்ள டொக்கு டொக்குன்னு தட்டுது! ஒரு முட்டை விரிசல் விட்டிருச்சு. தட்டு இன்னும் சாஞ்சுக்கிட்டே இருக்கு. எப்ப வர்றீங்க?”

லென்ஸ்காரர் தலை நிமிராமலே கேட்டார். “கூவுற கடிகாரமா செய்றாரு உங்க வீட்டுக்காரர்?”

அவள் நின்றாள். பொருள் கையில் இருக்கிறது, பேரத்தில் ஜெயித்தாகிவிட்டது, வீட்டுக்கு அரைமணி நேரம். ஓடிவிடலாம். ஆனால் புதுசா ரிப்பேரா என்று அந்த ஆள் எதற்காகக் கேட்டான்? காசு பெறாத கேள்வியை எந்த வியாபாரியும் கேட்கமாட்டான்.

திரும்பி வந்து, கைக்குட்டையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். “ரிப்பேர்தாண்ணே. முட்டை பொரிக்கிற மெஷின். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள.”

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். “இந்த முதல் ரெண்டு பின்னைப் பாருங்க. உங்க பழசுல பாசிட்டிவ் முதல்ல, நெகட்டிவ் ரெண்டாவது. நான் குடுத்ததுல தலைகீழ். புதுசா செய்றவன் அவன் இஷ்டத்துக்கு வயர் இழுத்துக்குவான். நீங்க அப்படியே செருகியிருந்தா மெஷினோட போர்டும் சேர்ந்து போயிருக்கும்.”

போர்டு போனால் சூடும் போகும்.

“முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் அவர்.

“சொல்லியிருந்தா விலையை ஏத்தியிருப்பீங்க.”

“ஏத்தியிருப்பேன்தான்,” என்றார் கூச்சமே இல்லாமல். எழுந்துபோய்ப் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தார். அளவு சரியாக இருந்தால் பின் இல்லை. பின் இருந்தால் வரி இரண்டு. கடைசியில் எந்த மெஷினிலிருந்தோ கழற்றிய ஒன்று அகப்பட்டது. கரண்ட் கொடுத்ததும் மூன்று வரி ஒளிர்ந்தது. மூன்றாவது வரி மட்டும் இருட்டு. “உங்க பின் வரிசைக்கு இது ஒண்ணுதான் இருக்கு. புதுசு வர நாலு நாளாகும்.”

“ஒரு வரி செத்திருக்கே, கால்வாசி குறைச்சுக்குங்க,” என்றது அவள் வாய். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஈயம் வைத்துப் பின்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “உங்க மெஷின்ல பொரிக்கிற குஞ்சு முதல் நாளே பேரம் பேசும், போங்க.”

வீட்டில் நாத்தனார் முன்மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக நின்றாள். செருகினார்கள். முதல் வரியில் சூடு வந்தது. இரண்டாவதில் ‘திருப்புதல்’ வந்தது. தட்டு மட்டமாகும்வரை காத்திருந்து நாத்தனார் பொத்தானை அழுத்தினாள்; உள்ளே மோட்டார் முனகி அடங்கியது. நான்காவதில் நாள் கணக்கு, பதினெட்டு.

“மூணாவதுலதான் ஈரம் வரும் அண்ணி.”

“தெரியும்டி. ஐம்பத்தஞ்சுல இருக்கும். அறுபத்தெட்டு ஆக்கணும். பதிமூணு தடவை அழுத்து.”

நாத்தனார் இருட்டு வரியைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். ஒன்பதில் வியர்த்த விரல் வழுக்கியது.

“இது பதிஞ்சுதா அண்ணி?”

கூடினால் குஞ்சு மூழ்கும், குறைந்தால் காயும். அவள் முகத்தில் இப்போது எதுவும் ஒளிந்திருக்கவில்லை. “தெரியலடி,” என்றாள்.

மிச்சத்தை அழுத்திவிட்டு இருவரும் கதவின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார்கள். மூன்றாம் தட்டில், நட்சத்திரமாக வெடித்த ஓட்டுக்குள் எள்ளளவு மூக்கு ஒன்று அசைந்தது. கண்ணாடியின் கீழ் மூலையில் மெல்ல ஆவி படிந்தது. உள்ளிருந்து வந்த ஈரமா, வெளியே நின்ற இரண்டு பேரின் மூச்சா? அவள் வெளிப்பக்கத்தை முந்தானையால் துடைத்தாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆவி மிஞ்சியிருக்கிறதா என்று அந்த மூலையையே பார்த்தார்கள்.