கூடுதல் சுமை

ஒரு விளைவுக்கு உரிய காரணத்தைக் கண்டறிந்து அதை எழுத்தில் பதிவு செய்வதே மனித அறிவின் உச்சம். பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளருக்கு இதில் எள்ளளவும் ஐயம் இல்லை. அவர் அந்த உச்சத்தை எட்டிய மறுநாளே அவருடைய மனைவி பஸ்ஸில் போகத் தொடங்கினாள்.

நடந்தது இதுதான். அவருடைய இருபத்திரண்டு வயது மோட்டார் சைக்கிள் திடீரென்று இரும ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துடிப்பை விழுங்கும், ஒரு வெட்டு வெட்டும், சைலன்சரில் 'டப்' என்று ஒரு சத்தம் விடும். மெக்கானிக்குகள் இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். கண்காணிப்பாளர் அதற்கு ஒரு கோப்பு திறந்தார். ப்ளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவித் துடைத்தார். இருமல் நிற்கவில்லை. பிறகு அட்டவணை போட்டார். தனியாக ஓட்டிய ஒன்பது தடவையும் மிஸ்ஸிங் இல்லை. மனைவியோடு போன ஒன்பது தடவையும் இருந்தது. 'காரணம்: கூடுதல் சுமை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரை வீட்டில் இல்லாதது அவருக்குச் சிறு வருத்தம்.

கோப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்ததுதான் பிழை.

"யாருங்க இந்தக் கூடுதல் சுமை?" என்றாள் மனைவி.

"பொதுவா எழுதறதும்மா. தனிப்பட்ட முறையில எடுத்துக்கக் கூடாது."

"பின்னாடி உக்காந்து வர்றது நான் ஒருத்திதான். பொதுமக்களா வர்றாங்க?"

பதினெட்டு வருடமாக அவளை அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் அலுவலகம் போவார். கடைக்கு வந்தவர்களின் கதையெல்லாம் வழிநெடுக அவர் காதுக்குப் பின்னால் ஓடும். இப்போது காது காலி. வண்டி வெண்ணெயாக ஓடியது. மிஸ்ஸிங் அவருக்குத்தான்.

மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல், ஒரு விடுமுறைநாள் காலையில் மனைவியின் தம்பியுடைய பட்டறைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் மச்சான் கோப்பை முழுக்கப் படித்தான்.

"எல்லாத்தையும் மாத்திட்டுக் கடைசியா மெக்கானிக்கிட்ட வந்திருக்கீங்க மாமா. நல்லது. அக்கா உக்காந்தாத்தான வருது? அக்காவக் கூப்பிடுங்க, பாத்துருவோம்."

"நீயே கூப்பிடேன் மாப்ள. தம்பி சொன்னா கேப்பா."

"கையெழுத்துப் போட்டது நான் இல்லையே."

கண்காணிப்பாளர் பழைய டயர் குவியலுக்குப் பின்னால் போய் போன் பேசினார். 'தப்புதான்' என்ற சொல் மட்டும் நாலு முறை வெளியே கேட்டது.

அவள் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டான்.

"ஏறுக்கா."

"முதல்ல அதிகாரி ஏறட்டும். சுமை அப்புறம் ஏறும்."

கண்காணிப்பாளர் பின்சீட்டில் கைக்குட்டையை விரித்து, கௌரவமாக ஏறி அமர்ந்தார். இன்ஜின் இருமக்கூட இல்லை. நின்றுவிட்டது.

"நான் உக்காந்தா இருமத்தான் செஞ்சுது," என்றாள் அவள் தம்பியிடம். "இவர் உக்காந்ததும் உயிரையே விட்டுடுச்சு."

"ஒரே ஒரு தடவைய வச்சு முடிவுக்கு வரக் கூடாது," என்றார் அவர்.

"அப்ப இன்னொரு தடவை உக்காருங்க."

உட்கார்ந்தார். மறுபடியும் நின்றது. மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள். அதைப் பார்த்ததும் மூன்றாம் தடவையும் உட்காரலாமா என்று அவருக்குத் தோன்றியது.

மச்சான் சீட்டைக் கழற்றினான். கீழே ஓடும் ஒயர் ஒன்றின் தோல் உரிந்து செம்பு பளபளத்தது.

"பின்னாடி ஆள் உக்காந்தா சீட்டோட தகடு இறங்கி இந்த ஒயரக் கடிக்குது. இன்ஜினுக்குப் போக வேண்டிய கரண்டு வண்டி பாடிக்குப் போயிடுது. சின்னப் பிள்ளை உக்காந்தாலும் இதேதான். அக்கா மேல பழி போட இதுல ஒண்ணும் இல்ல." பிறகு நிமிர்ந்தான். "தகடு இறங்காம இருக்க நாலு மூலையிலயும் ரப்பர் இருக்கணுமே மாமா. எங்க?"

"பழைய வண்டி மாப்ள. தேஞ்சு விழுந்திருக்கும்."

"நாலுமா?"

கண்காணிப்பாளர் முன்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று குனிந்து அழுத்திப் பார்த்தார்.

ஒயருக்கு டேப் சுற்றி, புது ரப்பர் நாலு வைத்து, சீட்டை மாட்டியதும் இருவரையும் ஏற்றிப் பார்த்தான் தம்பி. இன்ஜின் அசராமல் ஓடியது. கோப்பில் 'கூடுதல் சுமை'யை அடிக்கச் சொன்னாள் அவள். முடிந்த கோப்பில் அடித்தல் கூடாது, திருத்தக் குறிப்பு மட்டுமே சேர்க்கலாம் என்று கண்காணிப்பாளர் விதியை எடுத்துச் சொன்னார். அவள் பார்த்தாள். அவர் அடித்தார்.

திரும்பும்போது அவள் கை பழையபடி அவர் தோளில் இருந்தது. இரண்டாவது திருப்பத்தில், "நேத்து ஒரு ஆளு கடைக்கு வந்து, தூங்காம இருக்க ஒரு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை, ரெண்டும் குடுங்கன்னு நிக்கறான்," என்று காதுக்குப் பின்னால் தொடங்கியது. கதை முடிவதற்குள் வீடு வந்துவிடக் கூடாதென்று அவர் வேகத்தைக் குறைத்தார்.

மறுநாள் அவளைக் கடையில் இறக்கிவிட்டு அலுவலகம் போனவர், தம் மேசை இழுப்பறையைத் திறந்தார். 'தேவையற்றவை' என்று அவரே எழுதி ஒட்டிய உறை ஒன்று உள்ளே இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வண்டியைத் தாமே சுத்தம் செய்தபோது சீட்டுக்கு அடியிலிருந்து அவர் பிடுங்கி எடுத்த நாலு ரப்பரும் அதில் இருந்தன.