ஊர்ந்து போகிறவனுக்கு என்ன பெட்ரோல்?

சவ வண்டிக்காரருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர் வைத்தது யாரோ தெரியாது, வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை. “பின்னால படுத்திருக்கிறவருக்கும் அவசரமில்ல, எனக்கும் அவசரமில்ல” என்பார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மச்சினன் யார் தெரியுமா? பந்தயக் கார்களுக்கு இன்ஜின் முடுக்கிக் கொடுக்கிற மெக்கானிக். தலையெழுத்தைப் பாருங்கள்!

“வண்டி இருமுது, அதை மட்டும் கொஞ்சம் பாருப்பா” என்றுதான் நிதானம் அவனிடம் விட்டார். அவன் பார்த்ததோடு நிற்கவில்லை. அக்கா புருஷனாயிற்றே என்ற பாசத்தில், நொறுங்கிப்போன பந்தயக் கார் ஒன்றிலிருந்து டர்போவைக் கழற்றி இதில் மாட்டினான். பிஸ்டனை மாற்றினான். இன்ஜினுக்குள் அழுத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றினான். அடுத்த சவாரியில் நிதானம் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்ததுதான் அவருக்குத் தெரியும். ஊர்வலத்துக்குப் பதினோரு நிமிடம் முன்னதாகவே பிரேதம் இடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அழுதுகொண்டே நடந்து வந்தவர்கள் அழுகையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

மச்சினன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டான்.

“மச்சான், இனிமே இதுக்குத் தொண்ணூத்தெட்டு ஆக்டேன் பெட்ரோல்தான். சாதா தொண்ணூத்தொண்ணு போட்டீங்கன்னா, அது நேரங்கெட்ட நேரத்துல உள்ளயே வெடிக்கும். இன்ஜின் டக்கு டக்குன்னு தட்டும். தட்ட விட்டீங்க, பிஸ்டன்ல ஓட்டைதான். இந்த மாதிரி பிஸ்டன் இன்னொண்ணு நான் எங்க போய்த் தேடுவேன்? வண்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.”

நிதானம் தலையாட்டினார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது அவர் தொழிலில் பழகிப்போன ஒன்று. ஆனால் அடுத்த வாரம் பெட்ரோல் பங்கில் நின்றபோது அவர் மூளை சும்மா இருக்கவில்லை. உசத்திப் பெட்ரோல் யாருக்கு? பறக்கிறவனுக்கு. நாம் யார்? ஊர்ந்து போகிறவர்கள். ஊர்ந்து போகிறவனுக்கு எதற்கு இந்தப் பவிசு? காலியாகக் கிடந்த டாங்கில் தொண்ணூற்றொன்றைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு சவாரிக்குக் கிளம்பிவிட்டார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

அன்றைக்குப் பெட்டிக்குள் இருந்தவர் ஒரு குழாய் ரிப்பேர்காரர். பெட்டிக்குப் பக்கத்தில் நீள சீட்டில் அவருடைய மனைவியும், வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற உறவினர்கள் பின்னால் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். இந்த வண்டியில் இன்ஜின் இருப்பது முன்னால் அல்ல, நடுவில், தரைத் தகட்டுக்கு அடியில். சரியாகப் பெட்டிக்குக் கீழே.

மேம்பாலத்து ஏற்றத்தில் அது ஆரம்பித்தது. டக். டக். டக்டக்.

“நிறுத்துப்பா வண்டிய!” என்று அண்ணன் அலறினார். “தம்பி தட்டுறான்!”

நிதானம் இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றது. நடுப்பாலத்தில் பெட்டியைத் திறந்தார்கள். பஸ்ஸிலிருந்து நர்ஸ் வேலை பார்க்கும் மருமகளை இறக்கிக் கூட்டிவந்து நாடி பார்க்கச் சொன்னார்கள். அவள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். குழாய்க்காரர் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்காமல் செத்துக் கிடந்தார். மூடினார்கள். வண்டியைக் கிளப்பினார். டக். டக். மறுபடி நிறுத்து, மறுபடி திற, மறுபடி நாடி. மூன்றாவது தடவை அண்ணன் பெட்டிக்குள் குனிந்து, “டேய், என்னடா வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லேன்!” என்று சத்தம் போட்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

“நிறுத்தினா கம்முனு கிடக்கான், கிளம்பினா தட்டுறான்” என்றார் அண்ணன், கோர்ட்டில் நிற்பவர் மாதிரி நிமிர்ந்து. “இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? அவனுக்குப் போக இஷ்டமில்ல!”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிதானத்துக்கே ஒரு நிமிடம் அது நியாயமாகப் பட்டது. அப்புறம்தான் மச்சினன் சொன்னது ஞாபகம் வந்து அவருக்குச் சுரீர் என்றது. உடனே அவனுக்குப் போன் போட்டு, இன்ஜினைக் கிளப்பிக் கேட்கச் செய்தார்.

“என்ன பெட்ரோல் ஊத்துனீங்க?” என்றான் அவன். “தொண்ணூத்தொண்ணு” என்றார் இவர். “மச்சான், நீங்க ஒரு கொலைகாரன்!”

“மெதுவாப் பேசுப்பா, ஸ்பீக்கர்ல இருக்கு.”

“யாரைக் கொன்னான்? யாரைக் கொன்னான்?” என்று அண்ணன் பாய்ந்து வந்தார். அவரைச் சமாளித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“பெரிய கியர்ல முக்க விட்டாத்தான் தட்டும்” என்றான் மச்சினன். “சின்ன கியர்ல, அலுங்காம, நேரா பங்குக்குப் போய்த் தொண்ணூத்தெட்டு போடுங்க. டாங்கு எப்படியும் காலியாத்தானே இருக்கும்? இதுக்கு மேல தட்ட விட்டா வண்டியை மறந்துடுங்க.”

இந்த வண்டியை விட்டால் நிதானத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது, வேறு வேலை தெரியவும் தெரியாது. பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போவது போல வண்டியை உருட்டிக்கொண்டு பாலம் இறங்கியதும் இருந்த பங்குக்குப் போய்ச் சேர்ந்தார். பஸ்ஸும் பின்னாலேயே வந்து நின்றது. தட்டியது ஆள் இல்லை, இன்ஜின்தான் என்று எல்லாருக்கும் விளக்கினார். ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம்.

விட்டதா சனி? எந்தப் பெட்ரோல் என்று ஒரு பஞ்சாயத்து கூடிவிட்டது.

“அவர் எளிமையான மனுஷன், தொண்ணூத்தொண்ணே போதும்” என்றார் ஒரு சித்தப்பா.

“கடைசிப் பயணத்துல போய்க் கஞ்சத்தனமா? உசத்தியாவே போடுங்க. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” என்றாள் ஓர் அத்தை.

“எதுக்கு வம்பு, நடுவுல தொண்ணூத்தஞ்சு இருக்கே” என்று சமாதானம் பேச ஒருவர் வந்தார். கையைத் தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்தார்கள். எடுத்த ஓட்டை எண்ணுவதில் சண்டை வந்தது.

பங்கில் பெட்ரோல் அடிக்கிற பெண் குழாயைக் கையில் பிடித்தபடி நின்று நின்று அலுத்துப்போனாள். “யாராவது ஒருத்தர் சொல்லுங்க. உள்ள படுத்திருக்கிறவரைக் கேட்டுச் சொன்னாலும் சரி.”

குழாய்க்காரரின் மனைவி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. உள்ளேயிருந்து நிதானத்தைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அந்தப் பெட்ரோல் போட்டா சத்தம் நின்னுடுமா?”

“சுத்தமா நின்னுடும்மா. நீங்க பயப்படாதீங்க.”

“எனக்கென்ன பயம்?” என்றாள் அவள். “முப்பத்தாறு வருஷம். அந்த மனுஷன் ஒரு நாள்கூடத் துண்டு எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போனதில்ல. உள்ள நின்னுக்கிட்டுக் கதவைத் தட்டுவாரு. ஊர்ல இருக்கிற பாத்ரூமுக்கெல்லாம் குழாய் மாட்டுறீங்க, நம்ம வீட்டுல துண்டு போட ஒரு கொக்கி மாட்டக்கூடாதான்னு தினமும் கத்துவேன். அடுப்புல பால் பொங்கும், இவரு தட்டுவாரு. மானமே போகுதுன்னு தட்டுவாரு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வியாழக்கிழமைலருந்து வீட்ல ஒரு சத்தமும் இல்ல தம்பி. அவர் செத்துட்டாருன்னு எனக்குத் தெரியும். அது இன்ஜின்னும் தெரியும். அவங்க அண்ணன் மாதிரி எனக்கொண்ணும் புத்தி பிசகல. இருந்தாலும், அங்க போய்ச் சேர்ற வரைக்கும் தட்டட்டுமே?”

முடியாதும்மா, என் பிழைப்பே போயிடும் என்று சொல்லத்தான் நிதானம் வாயைத் திறந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பங்குக்காரப் பெண்ணிடம் திரும்பினார்.

“தொண்ணூத்தொண்ணு போடும்மா.”

எளிமைச் சித்தப்பா தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

இடுகாட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். சமமான சாலை. பழக்கதோஷத்தில் நிதானம் இரண்டாவது கியரிலேயே போனார். இன்ஜின் பூப்போல ஓடியது. சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தார். அவள் பெட்டியின் மூடிமேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. மச்சினன்தான். நிதானம் அதை எடுத்து அணைத்துப் பையில் போட்டார். அப்புறம் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரைத் தள்ளி, ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி உடம்பெல்லாம் உதறி முக்கியது.

டக். டக். டக்டக்டக்.

“வர்றேன், வர்றேன்” என்று பின்னால் அவள் அதட்டுவது கேட்டது. “ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?”

வண்டிக்குப் பின்னால் நீலமாகப் புகை கிளம்பியது. நிதானம் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தார்.