மொம்பாசாவுக்கு ஓர் ஒத்திகை

மொம்பாசாதான் என்று தாஹிர் ஒற்றைக்காலில் நின்றார். வேறு எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் கசாயம் குடித்தவர் போல முகத்தைச் சுளித்தார்.

டோஹாவில் வேலை பார்க்கும் மகன் நிப்றாஸ் தேடிக்கொண்ட வினை அது. உம்மாவும் வாப்பாவும் கலியாணம் முடித்து நாற்பது வருடம் ஆகிறதே என்று ஒரு பரிசு கொடுக்க நினைத்தான். வெளிநாட்டுக் கடற்கரையில் நல்லதொரு ஹோட்டல், ஒரு வாரம், உம்மாவுக்குச் சமையல் இல்லை, கூட்டிப் பெருக்கல் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். "எந்த நாடெண்டாலும் சொல்லுங்க வாப்பா" என்று வாயைக் கொடுத்துவிட்டான். தாஹிரைப் பெற்ற தகப்பனாகக் கொண்ட பிள்ளை அப்படியொரு வாக்கைக் கொடுக்கலாமா?

பக்கத்து வீட்டுப் பரீதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெள்ளைக்காரரெல்லாம் கடல் பார்க்கத் திருகோணமலைக்கு வந்து கிடக்கிறார்கள், கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த இவர்கள் இருவரும் கடல் பார்க்க விமானம் ஏறப் போகிறார்களாம். "போகக்குள்ள எங்கட கடலுக்கும் ஒரு ஸலாம் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

தாஹிர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பாதி வாழ்க்கையைக் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் கழித்தவர். எத்தனையோ துறைமுகங்களைப் பார்த்திருக்கிறார், ஆனால் மனதில் ஒட்டிக்கொண்டது கென்யாவின் அந்த ஒரு ஊர்தான். கலியாணமாகி இரண்டு மூன்று வருடமிருக்கும். கப்பலின் எஞ்சின் பழுதாகி, உதிரிப்பாகம் வந்து சேரும்வரை மாதக்கணக்கில் மொம்பாசாவில் கிடந்தார்கள். பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்கள், செதுக்கு வேலை செய்த பெரிய கதவுகள், அஸர் தொழுகை நேரத்தில் நாலு திசையிலும் கேட்கும் பாங்கு, தேங்காய்ப்பாலில் ஆக்கிய சோறு. பின்னேரங்களில் கலங்கரை விளக்கடியில் மரவள்ளிக்கிழங்கைச் சுட்டு, மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் பூசிக் கொடுப்பார்கள். துறைமுகத்தில் வேலை செய்த ஜுமா என்பவன் அவரைத் தம்பி என்று சொல்லி வீட்டுக்கே கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு போட்டான். திருகோணமலையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வேறு பாஷை பேசும் சனத்திடம் கொடுத்தது போல இருந்தது அவருக்கு. அந்த வயதில், அந்தக் காற்றில், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நடந்த தாஹிரை இன்னுமொரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தத் தாஹிரின் ஆசை. இங்கே திருகோணமலையின் உட்துறைமுக வீதியில் நடக்கும்போது கப்பல் ஒன்று வெளிக்கிட்டுப் போனால், அது மறையும்வரை மனிதர் நடையை நிறுத்திவிடுவார்.

நிப்றாஸ் விடவில்லை. வீடியோ அழைப்பில் வந்து, இணையத்தில் படித்ததையெல்லாம் ஒப்புவித்தான்.

"வாப்பா, இதக் கேளுங்க. சனம் கூடுற இடத்தில பேக், போன் எல்லாம் பறிக்கிறாங்களாம். பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பொறகு கடற்கரையில நடக்க வேணாமாம். நகை போட வேணாமாம். ரோட்டில போற டாக்சில ஏற வேணாமாம்."

"மாலைதீவில?"

"அங்க ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல்தான். களவெடுத்தாலும் கள்ளனுக்கு ஓட இடமில்ல."

"அப்ப மனிசரும் இல்ல" என்றார் தாஹிர். "ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இரிக்கிறதுக்கு எதுக்கு மகன் மாலைதீவு?"

குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுஹைரா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "நாப்பது வருசத்தில அதத்தான் நாங்க செய்யவே இல்ல."

தாஹிர் கேட்காதவர் போல இருந்துவிட்டார். களவு எந்த ஊரில்தான் இல்லை என்று மகனிடம் வாதாடினார். போன மாதம் நமது சந்தையடியிலேயே மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் ஒரு ரீச்சரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகவில்லையா? அதற்காக நாம் சந்தைக்குப் போகாமல் பட்டினி கிடக்கிறோமா? துறைமுகத்து ஊர்களில் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது, அந்த முறை தெரிந்தவனை எந்தக் கள்ளனும் தொடமாட்டான், தாஹிரை இதுவரை ஒருவனும் தொட்டதில்லை. இந்தக் கடைசிச் செய்தியில் சிறிது பொய் கலந்திருந்தது, ஆனால் அதைச் சொல்ல ஜுமா இங்கே இல்லை.

"ஒங்களுக்குச் சரி வாப்பா. உம்மாக்கு?" என்றான் நிப்றாஸ். "உம்மா மனசார ஓம் எண்டு சொன்னாத்தான் மொம்பாசா. இல்லாட்டி மாலைதீவு. வெள்ளிக்கிழமை நான் புக் பண்ணணும்."

சுஹைரா கையைத் துடைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் வந்தாள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க ரோட்டில ஆளை மறிப்பாங்களா மகன்?"

"ஆரு உம்மா? பொலீஸா, கள்ளனா?"

"ஆரெண்டாலும்."

"ரெண்டு பேரும் மறிக்கலாம்" என்றான் அவன், உண்மையை மறைக்கத் தெரியாத பிள்ளை.

"ம்" என்றுவிட்டு அவள் வெங்காயத்திடம் திரும்பிப் போனாள்.

அந்த 'ம்' தாஹிருக்குப் போதாது. அதை 'ஓம்' ஆக்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். யோசித்துப் பார்த்ததில், பயத்துக்கு மருந்து பயிற்சிதான் என்ற முடிவுக்கு வந்தார். கப்பலுக்குப் புதிதாக வரும் பெடியன்களுக்குத் தான் கொடுத்த பயிற்சியை மனைவிக்கும் கொடுப்பது. அலுமாரியைக் குடைந்து பழைய பேர்ஸ் ஒன்றைத் தேடியெடுத்தார்.

"இது கள்ளன்ட பேர்ஸ்" என்று விளக்கினார். "இதில கொஞ்சக் காசும் ஒரு பழைய போட்டோவும் இரிக்கணும். பறிக்க வந்தா இதக் குடுத்திரணும். உண்மையான பேர்ஸ் உள்ளுக்கு இரிக்கும்."

"கள்ளனுக்குப் போட்டோ என்னத்துக்கு?"

"வெறும் பேர்ஸெண்டா அவனுக்குச் சந்தேகம் வரும்."

"அப்ப ஒங்கட போட்டோவ வைங்க. பாத்ததும் பயந்து போட்டுட்டுப் போயிருவான்" என்றாள் சுஹைரா.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு இருவரும் உட்துறைமுக வீதியில் ஒத்திகைக்கு இறங்கினார்கள். பை வீதிப் பக்கமாகத் தொங்கக்கூடாது, சுவர்ப் பக்கமாக இருக்க வேண்டும். நின்று நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது, வழி தெரியாவிட்டாலும் தெரிந்தவள் போல நடக்க வேண்டும். சுஹைரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு தடவை நின்று, தெரிந்தவர்களோடு கதைத்தாள். கதைத்த ஒருவர், தாஹிர் ஏன் மனைவியின் தோளை இப்படி முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டுவிட்டுப் போனார். துறைமுகத்துத் தண்ணீர் வெயில் பட்டு மினுங்கிற்று. குடாவுக்கு அக்கரையிலுள்ள மூதூரின் லோஞ்சுப் படகு முன்பு வந்து கட்டும் இறங்குதுறைப் பக்கம் சன நடமாட்டம் குறைவாக இருந்தது. கடைசிப் பாடத்துக்கு அதுதான் இடமென்று தாஹிர் தீர்மானித்தார். எச்சரித்துவிட்டுச் செய்தால் அது ஒத்திகையாகாது. செருப்பு வார் அறுந்ததென்று சாட்டுச் சொல்லிப் பின்தங்கி, அவள் கொஞ்சத்தூரம் போனதும் சத்தமில்லாமல் பின்னால் வந்தார். குரலைத் தடிப்பாக்கி, சுவாஹிலியில் 'நில்' என்பதற்குத் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுக் கத்தினார்.

"சிமாமா!"

கத்துவாள், அல்லது ஓடுவாள், இல்லாவிட்டால் பையால் அடிப்பாள் என்று நினைத்திருந்தார். பேர்ஸை எடுத்து நீட்டினால் பாராட்டுவதற்கும் ஆயத்தமாக இருந்தார்.

சுஹைரா இவை எதையும் செய்யவில்லை. அந்த இடத்திலேயே நின்று, அவர் பக்கம் திரும்பினாள். தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்து, உள்ளே இருப்பது தெரியும்படி வாயை அகலத் திறந்துவிட்டாள். பிறகு ஓர் அடி பின்னுக்கு வந்து, சட்டையின் உள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். பார்வை நிமிரவேயில்லை, எதிரே நிற்பவனின் சப்பாத்து இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. மெல்லிய குரலில், சிங்களத்தில், மூதூருக்குப் போவதாகவும், உம்மாவுக்குச் சுகமில்லையென்றும், பின்னேர லோஞ்சிலேயே திரும்பி விடுவதாகவும் சொன்னாள்.

அவளுடைய உம்மா மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது.

தன் மனைவிக்குச் சிங்களம் தெரியுமென்பதே தாஹிருக்கு அன்றுதான் தெரியும். "சுஹைரா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புருசன் நிற்பதைக் கண்டாள்.

"ச்சீ, நீங்களா?" என்று சிரிக்கத் தொடங்கினாள். நன்றாகத்தான் சிரித்தாள். ஆனால் அடையாள அட்டையைத் திரும்ப வைக்கப் போனபோது அது கைதவறித் தரையில் விழுந்தது. தாஹிர் குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கரையோரக் கட்டின் மேல் இருவரும் அமர்ந்தார்கள்.

"எவ்வளவு காலம் இப்பிடி?" என்றார்.

"நீங்க கப்பலில இரிந்த அந்தச் சண்டைக் காலமெல்லாம். உம்மாவப் பாக்கப் போகணும், அரிசி கொண்டு வரணும், நிப்றாஸத் தனிய விட ஏலாது, அவனையும் தூக்கிக்கொண்டுதான் ஆமி செக்பொயிண்ட் வரிசையில நிப்பன்." அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா சும்மா சொல்லக்கூடாது, லோஞ்சு வெளிக்கிட்டதும் ஒரு சிரிப்பு வரும் பாருங்க. சிவகாமிப்பிள்ளையக்கா எண்டு ஒராள், வெருகல் பக்கம். எங்கள மறிச்சவன் நடந்த மாதிரி லோஞ்சுக்குள்ள நடந்து காட்டுவா. வயிறு நோகும் வரைக்கும் சிரிப்பம். நிப்றாஸ் அவட மடியிலதான் நித்திரை கொள்ளுவான். மூதூர்க் கரை தெரியிற வரைக்கும் ஒரே கதைதான். அந்த மாதிரி ஒரு சிரிப்பு பொறகு நான் சிரிக்கவே இல்ல. அக்கா எங்க இரிக்காவோ, இரிக்காவோ இல்லையோ."

"கடிதத்தில ஒரு சொல்லும் நீ எழுதல்லயே."

"எழுதி? கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பீங்களா?"

தாஹிர் அவளுடைய பையின் திறந்த வாயை மூடினார்.

"நீங்க கிழங்கு திண்டதையும் ஜுமாட வீட்டுக் கதையையும் எழுதியிருப்பீங்க. அத வாசிக்கக்குள்ள எனக்குச் சந்தோசமா இரிக்கும். அதுக்குள்ள கொண்டுபோய் இந்தக் கதையப் போடச் சொல்றீங்களா?"

இத்தனை வருடமாக அவர் நெஞ்சுக்குள் வைத்துப் பொத்திய அந்தப் பின்னேரங்களை நினைத்துப் பார்த்தார். கலங்கரை விளக்கடியில் அவர் காற்று வாங்கிக்கொண்டிருந்த பின்னேரம், இங்கே இதே இடத்தில் இருபது வயதுப் பெண்ணொருத்தி பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மொம்பாசா மீதே ஒரு கோபம் வந்தது.

"மாலைதீவுக்கே போவம்" என்றார். "அங்க ஆரும் ஒன்ன மறிக்க மாட்டாங்க. கதவையும் திறந்து போட்டுட்டு நித்திரை கொள்ளலாம்."

"வேணாம். எனக்கு மொம்பாசாதான் வேணும்."

"எனக்காகச் சொல்லாத. நீ பயப்பிடுவாய்."

"ஓம், பயப்பிடுவன்" என்றாள் சுஹைரா. "நான் இஞ்ச வரிசையில நிண்ட நேரம் நீங்க எந்த ரோட்டில நடந்து திரிஞ்சீங்க எண்டு எனக்குப் பாக்கணும். கோவத்தில சொல்லல்ல. அந்தக் காலத்த நினைச்சா எனக்கு இந்தக் கரை மட்டும்தான் ஞாபகம் வருகுது. அந்த நேரம் எங்கட ஆள் ஒராள் எங்கயோ நல்லா இரிந்திரிக்கார் எண்டு கண்ணால பாத்தா, அந்தக் காலமும் கொஞ்சம் நல்ல காலமாப் போயிரும்."

தாஹிர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏங்கிக் கிடந்த ஊர் கைக்கு வந்துவிட்டது. அந்தத் தெருக்களில் இவளை எப்படிக் கூட்டிக்கொண்டு நடப்பது, எந்த முகத்தோடு ஒவ்வொரு இடமாகக் காட்டுவது என்பதுதான் இப்போது அவருக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. நிப்றாஸ்தான். வேலை முடிந்து வெளியே வந்தவன், பின்னால் ஒரே இரைச்சல்.

"உம்மா, என்ன முடிவு? வாப்பா சொல்றாரெண்டு தலையாட்டாதீங்க. உள்ளதச் சொல்லுங்க. பயமில்லையா ஒங்களுக்கு?"

"பயம்தான் மகன்" என்றாள் சுஹைரா. "அதுக்கென்ன, இந்த முறை வாப்பாவும் பக்கத்தில இரிப்பார்தானே."

தாஹிர் கமராவுக்குள் முகம் விழாதபடி கட்டின் ஓரத்துக்கு நகர்ந்தார். சுஹைரா அவர் கையைப் பிடித்து இழுத்து, மகனுக்குத் தெரியும்படி தன் பக்கத்தில் இருத்தினாள்.