கரிப்பெட்டியில் இரண்டு கை

புது மாடல் பெட்ரோல் கார்கள் சிலவற்றின் சைலன்சர் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. வெளியே பார்த்தால் தகர டப்பா. உள்ளே தேனடை போலப் பொடிப்பொடி ஓட்டைகள். இஞ்சின் கக்கும் கரியெல்லாம் அதில் போய் அடைந்துகொண்டால் வண்டிக்கு மூச்சு முட்டும். அந்த டப்பாவைக் கழற்றி, கண்ணாடி முகப்பு வைத்த பெட்டிக்குள் வைத்து, ஓட்டை ஓட்டையாகக் காற்றடித்துச் சுத்தம் செய்வதுதான் மாப்பிள்ளையின் வேலை.

அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் கடைசியாக அச்சானதோடு சரி. அவன் வேலை பார்க்கும் பட்டறை அவன் மனைவியின் அண்ணனுடையது. அவர் 'மாப்ள' என்று கூப்பிட, மெக்கானிக்குகளுக்கும் அவன் மாப்பிள்ளை, கார்க்காரர்களுக்கும் மாப்பிள்ளை, கரண்ட் பில் வசூலிக்க வருகிறவருக்கும் மாப்பிள்ளை.

பெட்டியில் கை நுழைக்க இரண்டு ஓட்டை, சுற்றிலும் ரப்பர் விளிம்பு. கைதான் அடைப்பு. தூசி அடங்கிப் பச்சை விளக்கு எரியுமுன் கையை எடுத்தால் அத்தனை கரியும் வெளியே பாயும். ஒருமுறை மூக்கு அரிக்கிறதென்று எடுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற வெள்ளைக் கார் எருமை நிறத்துக்கு வந்துவிட்டது. மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தானே உட்கார்ந்து கழுவினார். அன்றிலிருந்து மாப்பிள்ளை பெட்டியில் கைவிட்டாலே மச்சான் துண்டோடு பக்கத்தில் வந்துவிடுவார். நெற்றியைத் துடைப்பார், மூக்கைச் சொறிந்துவிடுவார், டீயை ஆற்றி வாயில் வைப்பார்.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மனுஷன் கெட்டவராக இருந்தால் சட்டையைப் பிடித்து ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். குடியிருக்கும் மாடி அவர் கொடுத்தது. மகளின் செருப்பு அவர் வாங்கியது. இந்தப் பெட்டியே, மாப்பிள்ளைக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று அவர் வரவழைத்தது. இப்படிப்பட்டவரிடம் போய் என்ன குறை சொல்வது?

வேறு ஊரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ரகசியமாக வேலைக்குப் பேசியிருந்தான். மனைவிக்குத் தெரியும். "எனக்கும் தனியா போகணும்னுதான் இருக்கு. ஆனா அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க, என்னால ஆகாது" என்று கைகழுவிவிட்டாள். அவனாலும் ஆகவில்லை. பழைய முதலாளியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். முதலாளி மச்சான்தானே. "அவர் தவறிட்டார் சார்" என்று சொல்லிவிட்டான். ஒரு கடிதம் கேட்க வாய் வராமல் ஓர் ஆளையே சாகடித்துவிட்டான், பாவி.

அன்று காற்று பாதி அடித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அலறியது. கை இரண்டும் பெட்டிக்குள். பக்கத்தில் மறுபடியும் ஒரு வெள்ளைக் கார்.

"விடுங்க மச்சான், அப்புறம் பேசிக்கறேன்."

"ஏதாவது அவசரமா இருந்தா?" மச்சான் போனை உருவினார். "கம்ப்ரஷர் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், பேசுங்க."

"சார், சர்வீஸ் சென்டர் மேனேஜர் பேசறேன். உங்க பழைய முதலாளி இறந்துட்டார்னு சொன்னீங்கல்ல, அதனால லெட்டர் வேணாம்னு மேல ஒத்துக்கிட்டாங்க. ஆனா அந்தப் பட்டறையில யாராவது ஒருத்தர் உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணுமாம். இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. யாராவது இருக்காங்களா?"

மாப்பிள்ளைக்கு ஓடிவிடலாமென்றால் கை உள்ளே. முகத்தை மூடிக்கொள்ளலாமென்றால் அதற்கும் கை வேண்டும். மச்சான் போனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவன் கண்ணாடிக்குள் பறக்கும் கரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் இருக்கேன் சார்" என்றார் மச்சான்.

"நீங்க யாரு?"

"செத்தவருக்கு ரொம்ப வேண்டியவன்."

"ஆள் எப்படி?"

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கை சுத்தம், வேலை சுத்தம். வாய்தான் கிடையாது. மனசுல இருக்கறத நாமளாத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். அந்த முதலாளி கேக்காமலே போய்ச் சேர்ந்துட்டார்."

"சரி சார், திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

மச்சான் போனை அணைத்து அவன் பையிலேயே திரும்ப வைத்தார்.

"எப்ப செத்தேன் மாப்ள?"

"போன மாசம்."

"என்ன வந்து?"

"மாரடைப்பு. தூக்கத்துலயே."

"நல்ல சாவுதான்." பழக்க தோஷத்தில் துண்டை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தார். வழக்கத்தைவிட அழுத்தமாகத் துடைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை கைகளை உருவிக்கொண்டான். நான் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மச்சான் சட்டைக்கையை மடித்துவிட்டு, அடுத்த வடிகட்டியைப் பெட்டிக்குள் வைத்து, தன் இரண்டு கைகளையும் நுழைத்துவிட்டார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான்தானே பாக்கணும். எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்கணும்? சொல்லுங்க."

"புகை வெளிய போற பக்கத்துலேர்ந்து" என்றான்.

காற்று சீறியது. பெட்டிக்குள் கரி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் மச்சானின் கன்னத்தில் ஈரம் இறங்கியது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மாப்பிள்ளை துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அது வியர்வை இல்லை. கையை எடுக்க வழியில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் தெரியாமல், மச்சான் அவனுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.