அடுப்பை அணைப்பவர் உப்புப் போடவேண்டும்

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். அடுப்பைப் பற்றவைத்தவர் உப்பைத் தொடக்கூடாது, அணைப்பவர்தான் போடவேண்டும். பஸ் டிரைவர், அவன் மனைவி, அவள் தம்பி: மூன்று பேர், மூன்று ஷிப்ட். ஒருவர் ஏற்றிவைத்துவிட்டு ஓடினால் இன்னொருவர் வந்து இறக்குகிற குடித்தனம், வேறென்ன செய்ய? ருசி பார்க்கிற பொறுமையும் யாருக்கும் கிடையாது. உப்பு ஜாடிக்குள் ஒரு ஸ்பூன் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை அன்றைக்கு டிரைவர் மீறினான். மனைவிக்காகத்தான்.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். விடிவதற்கு முன் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் அவன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போயிருப்பான். வார லீவும் ஒத்துவராது. இப்போது ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிற வேறொரு ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக் காலைக்குள் பதில் சொல்லியாகவேண்டும். மூன்று வாரமாக இருவரும் அதைப் பேசியதெல்லாம் போனில், அரை நிமிடம்.

"யோசிச்சீங்களா?"

"யோசிக்கிறேன்."

அவன் யோசித்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் போகக்கூடாது. அதை நேரில் சொல்வதற்காக ஒரு நாள் லீவு போட்டான். வெறுங்கையோடு சொல்ல முடியுமா? அவளுக்குப் பிடித்த ஸ்பகெட்டி பொலோனீஸை, அதுதான் கொத்துக்கறிக் குழம்பு ஊற்றிய இத்தாலிய நூடுல்ஸை, செய்துவைத்துச் சொல்லலாம் என்று முடிவுகட்டினான்.

அவன் கைப்பக்குவம் தெரிந்த கதைதான். தக்காளித் தண்ணீரில் கொத்துக்கறி நீச்சலடிக்கும். அதனால் டிப்போவில் யோசனை கேட்டுத் தொலைத்தான். விடுவார்களா? ஆளாளுக்கு நாட்டாமை. "வெங்காயம், கேரட், செலரி மூணையும் பொடிசா நறுக்கி அரை மணி நேரம் வதக்குங்கண்ணே" என்றான் கண்டக்டர். மெக்கானிக்குக் கறிதான் முக்கியம். "மொத்தமா கொட்டாதே, கொஞ்சம் கொஞ்சமா போட்டு நல்லா செவக்க வறு. உப்ப அப்பவே போட்டுடு." அரை டம்ளர் பால் ஊற்றி மூன்று மணி நேரம் சிம்மில் விடச் சொன்னார் டைம் கீப்பர். வெந்நீர்கூட வைத்தறியாத மனிதர் அவர்.

பத்து மணிக்கு ஆரம்பித்தான். முந்தின நாள் ஓட்டியதில் இடுப்பு கழன்று கிடந்தது. நின்றுகொண்டே நறுக்கினான், வறுத்தான், பாலும் ஊற்றினான், உப்பையும் அவனே போட்டான். இன்றைக்கு ஒருநாளாவது அவள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடக் கூடாது. ஒரு மணிக்குத்தான் சீஸ் வாங்க மறந்தது ஞாபகம் வந்தது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினான்.

அந்தக் கால் மணி நேரத்தில் பேக்கரி வேலை முடிந்து மச்சான் வந்தான், அவளுடைய தம்பி. இமையில்கூட மாவு. பாத்திரத்தைத் திறந்து பார்த்தான், வெந்திருந்தது. அணைத்தான், இரண்டு ஸ்பூன் போட்டான், போய்ப் படுத்தான். நல்ல பிள்ளை, சட்டப்படி நடந்துகொண்டான்.

திரும்பி வந்த டிரைவர், "பாழாப்போன அடுப்பு, காத்துக்கே அணையுது" என்று மறுபடி பற்றவைத்தான். திருகு மூடியிருந்ததைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை. ஐந்து நிமிடம் என்று நாற்காலியில் சாய்ந்தான்.

விழித்தபோது மணி நாலேகால். மனைவி அடுப்பருகே நின்று உப்பு ஜாடியை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, உப்பு போட்டியா?"

"அடுப்ப அணைச்சா போடணும்ல? ரெண்டு ஸ்பூன் போட்டேன்."

"நான் காலையிலயே போட்டாச்சே!"

உள்ளறையிலிருந்து தூக்கக் குரல் வந்தது. "மாமா, நானும் போட்டேன்."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். மூன்று பேர் உப்புப் போட்ட பண்டமும் அங்கேதான் போகும். அவள் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பத்தவச்ச நீங்க ஏங்க போட்டீங்க?"

"நீ ஒரு வேலையும் செய்யக்கூடாதுன்னுதான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உட்கார்ந்து கைகளை மேஜைமேல் போட்டாள். சோப்பிலும் வெந்நீரிலும் ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. "ஸ்பகெட்டிய மட்டும் வேகவச்சு, கொஞ்சம் வெண்ணெய் போட்டுக் குடுங்க, போதும். உப்பு மட்டும் வேணவே வேணாம்."

அவன் தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிவிட்டாள்.

தண்ணீர் கொதித்தது. சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்: போகாதே. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல நா எழவில்லை. அந்தப் புது வேலையில் அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி உண்டு. ஈரத் துணியைத் தொடவே வேண்டாம். இதை மூன்று வாரமாக ஒருதரம்கூட நினைக்காத நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வெந்ததும் அடுப்பை அணைத்து, வடித்து, தட்டில் போட்டு அவளை எழுப்பினான். அவள் அரைக் கண்ணோடு இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"அந்த வேலைக்கு நீ போ" என்றான்.

அவள் கை நின்றது. "நீங்க?"

அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. "அங்கயும் பஸ் ஓடும்ல?"

"ஓடுது. பதினாறு ரூட்டு. டிரைவருங்க பத்தலையாம். போன வாரமே அந்த டிப்போவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்களா கேப்பீங்களான்னு பாத்தேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "இந்த அடுப்ப யாரு அணைச்சது?"

"நான்தான்."

"அப்ப உப்பு போடுங்க. சப்புன்னு இருக்கு."